மேலூரை ‘வின்’ பண்ண முடியாது

அலங்காநல்லூர் பக்கம் ஒரு கிராமத்தில் மாலை நேரத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள், மீதிப் பேர் வேலை தேடுகிறவர்கள். அவர்களில் ஒரு பையன் கபடி ஆடுவான். ஒரு திங்கள்கிழமை முழங்கையில் சிராய்ப்பும் முகம் கொள்ளாத சிரிப்புமாக வந்து நின்றான்.

“மிஸ், எஸ்டர்டே வி வன் மேலூர்!”

“அப்படியா? ஊரை எதில் ஏத்திக் கொண்டுவந்தீங்க, டிராக்டரிலயா?” என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. மற்றவர்களுக்கும் புரியவில்லை. அந்தப் பதினைந்து பேரும் அதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருப்பார்கள். சொல்லப்போனால் நானும் கல்லூரி முடிக்கும்வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் சொல்ல வந்தது ‘வி பீட் மேலூர்’, அதாவது மேலூர் அணியைத் தோற்கடித்தோம் என்று. இந்த ‘பீட்’ என்ற வினைச்சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் டிராக்டர் கதையை முடித்துவிடுகிறேன். ‘வின்’ என்றால் நாம் ‘ஜெயி’ என்று படித்திருக்கிறோம். அது தப்பில்லை. ஆனால் ‘வின்’ பக்கத்தில் எதைச் செயப்படுபொருளாக வைக்கலாம் என்பதில் ஆங்கிலத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. போட்டியை வைக்கலாம், தேர்தலை வைக்கலாம், வழக்கை வைக்கலாம், பரிசை வைக்கலாம். அலங்காநல்லூரில் நிறைய மாடு பிடித்த வீரருக்குக் கார் கிடைக்கிறது அல்லவா, அதை ‘ஹி வன் எ கார்’ என்று சொல்லலாம். கார் அவர் கைக்கு வந்துவிட்டது. ‘வி வன் மேலூர்’ என்றாலும் ஆங்கிலக் காதுக்கு அதே போலத்தான் கேட்கும். அண்டா, கட்டில், பீரோ மாதிரி மேலூரும் பரிசுப் பொருளாக வந்து சேர்ந்தது போல.

எதிரில் நின்று ஆடியவர் யாரோ, அந்த ஆளை, அந்த அணியைச் சொல்ல வேண்டும் என்றால் ‘பீட்’. வி பீட் மேலூர். ஷி பீட் மீ. இந்தியா பீட் ஸ்ரீலங்கா.

இதில் நாம் ஏன் தடுமாறுகிறோம் என்றால், நம் ‘ஜெயி’ ரொம்பத் தாராளமான சொல். மேட்ச்சை ஜெயிச்சோம், கப்பை ஜெயிச்சோம், மேலூர்க்காரய்ங்களை ஜெயிச்சோம் என்று மூன்றுக்கும் ஒரே வினை. செந்தமிழில் ‘வெல்’லும் அப்படித்தான், எதிரியையும் வெல்லலாம், போரையும் வெல்லலாம். தமிழில் ஒரே பெட்டியில் இருக்கிற இரண்டு சாமான்களை ஆங்கிலம் இரண்டு பெட்டியில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனாலும் இந்த வேறுபாடு மதுரைக்குப் புதிதில்லை என்று எனக்கு ஒரு எண்ணம். சங்க காலப் பாண்டியர்களில் நெடுஞ்செழியன் என்ற பெயரில் இரண்டு பேரைப் பள்ளியில் படித்திருப்போம், பரீட்சைக்குக் குழப்பியும் இருப்போம். ஒருவர் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன். இன்னொருவர் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். செரு என்றால் போர். முதல் பெயரில் அவர் வென்றது ஒரு போரை, இரண்டாவதில் கடந்தது எதிரில் நின்ற படையை. ஆங்கிலத்தில் போட்டால் முதலாமவருக்கு ‘வன்’ வரும், இரண்டாமவருக்கு ‘பீட்’ அல்லது ‘டிஃபீட்டட்’ வரும். தலையாலங்கானத்தில் அவரை எதிர்த்து நின்றவர்கள் சேரனும் சோழனும் வேளிர் ஐவரும், ஆக ஏழு பேர். அந்த ஏழு பேரைச் சொல்லும்போது அதே அரசருக்கு ‘ஹி பீட் செவன் ஆஃப் தெம்’ என்றாகிவிடும். அவர் போரை ‘வின்’ பண்ணினார், ஏழு பேரை ‘பீட்’ பண்ணினார். என் வகுப்பில் இலக்கண விதியைவிட இந்த ராஜாக்கள்தான் மனதில் நின்றார்கள்.

சரி, பேசும்போது ராஜாவை எல்லாம் நினைத்துக்கொண்டிருக்க நேரமிருக்காது. அதற்கு ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். வாயில் ‘ஜெயிச்சோம்’ என்று வரும் இடத்தில் மனதுக்குள் ‘தோற்கடித்தோம்’ என்று போட்டுப் பாருங்கள்.

‘மேலூரைத் தோற்கடித்தோம்’ சரியாக நிற்கிறது. அப்போது பீட்.

‘கோப்பையைத் தோற்கடித்தோம்’ உளறலாக இருக்கிறது. அப்போது வின்.

‘தேர்தலைத் தோற்கடித்தார்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் வின். ‘எதிர்த்து நின்ற வேட்பாளரைத் தோற்கடித்தார்’ என்றால் பீட். நோயிலிருந்து மீண்டவரை ‘கேன்சரையே தோற்கடித்தவர்’ என்கிறோம், அங்கேயும் ‘பீட் கேன்சர்’ தான். நானும் மூன்று நான்கு வருடமாக இந்தச் சோதனையைப் போட்டுப் பார்க்கிறேன், பெரும்பாலும் கைவிட்டதில்லை.

இந்தச் சோதனை பலிப்பதற்குக் காரணம், ‘தோற்கடி’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘அடி’ இருக்கிறது. தோற்க, அடி. ‘பீட்’ என்ற சொல்லுக்கு முதல் பொருளும் அடிப்பதுதான், கம்பை எடுத்து அடிக்கிற அடி. அதிலிருந்துதான் தோற்கடிப்பது என்ற பொருள் கிளைத்தது. சாதனையை ‘முறியடித்தார்’ என்கிறோம், ஆங்கிலத்தில் ‘பீட் த ரெக்கார்டு’. முறியடியிலும் அடி உட்கார்ந்திருக்கிறது. நம் இலக்கணப்படி இங்கே ‘அடி’ ஒரு துணைவினை, ‘அப்படி ஆகும்படி செய்’ என்ற பொருளைத் தருவது. சாகடி, சிதறடி, நாறடி எல்லாம் அந்தக் குடும்பம். ஆங்கிலத்தில் அடி நேராகவே தோல்வியைக் குறிக்கப் போய்விட்டது, தமிழில் வேறொரு வினைக்குத் துணையாகப் போய் நின்றது. வழி வேறு, கம்பு ஒன்று.

அதோடு நிற்கவில்லை. மதுரையில் வெயில் காலத்தில் ஜிகர்தண்டாவைக் குடித்துவிட்டு என்ன சொல்வோம்? “இதை அடிச்சுக்க ஆளே இல்லை.” ஆங்கிலத்தில் அது ‘நத்திங் பீட்ஸ் ஜிகர்தண்டா’. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் பல இடத்தில் மாட்டிக்கொள்வோம், இங்கே மட்டும் தப்பிக்கிறோம். அடிச்சுக்க ஆளில்லை என்று தோன்றும் இடத்தில் எல்லாம் ‘நத்திங் பீட்ஸ்’ என்று தைரியமாகச் சொல்லலாம். அந்த ஜிகர்தண்டாவைக் குடித்துச் சூட்டைத் தணிப்பதற்கும் ‘பீட் த ஹீட்’ என்றுதான் பெயர், ஏப்ரல் வந்தால் விளம்பரப் பலகைகளில் பார்க்கலாம்.

இந்த உற்சாகத்தில் ‘அடி’ வரும் இடமெல்லாம் பீட் என்று கிளம்பிவிடக் கூடாது. தமிழில் நாம் அடிக்காதது எது? போன் அடிக்கிறோம், பெயிண்ட் அடிக்கிறோம், சிக்ஸர் அடிக்கிறோம், லாட்டரி அடிக்கிறது, காத்து அடிக்கிறது, ஒருத்தனுக்கு யோகம் அடிக்கிறது. இதில் ஒன்றுக்குக்கூட பீட் வராது. அப்படியே பொருந்துகிற இடங்களும் சில உண்டு. மேளம் அடிப்பது பீட். இதயம் அடித்துக்கொள்வது பீட். கறி தோசைக்கு முட்டையை உடைத்து ஊற்றி அடிக்கிறார்களே, அதுவும் பீட். இந்த மூன்றிலும் அடி ஒன்றோடு நிற்பதில்லை, திரும்பத் திரும்ப விழுகிறது.

பீட்டின் குணமே அதுதான். கன்னத்தில் ஒரே ஒரு அறை விட்டால் அது பீட் இல்லை, ஸ்லாப். ஒரு குத்து விட்டால் ஹிட், அல்லது பஞ்ச். போட்டுச் சாத்தினால்தான் பீட். “எங்கப்பா நேத்து என்னை அடிச்சாரு” என்பதை ‘மை ஃபாதர் பீட் மீ’ என்று மொழிபெயர்த்து ஒரு வெளிநாட்டுக்காரரிடம் சொன்னால் அவர் பதறிப்போவார். முதுகில் ஒரு தட்டு தட்டியிருப்பார் நம் அப்பா, கேட்கிறவருக்கு அது பெல்ட்டும் பிரம்புமாகத் தெரியும்.

அப்படியென்றால் ‘ஐ பீட் மை பிரதர்’ என்று ஒரு பெண் சொன்னால் என்ன அர்த்தம்? கேரம் போர்டில் ஜெயித்தாளா, விளக்குமாற்றால் சாத்தினாளா? அந்த வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களும் சூழ்நிலையைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்கள். அதனால் விளையாட்டைச் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது: ‘ஐ பீட் மை பிரதர் அட் கேரம்’. உண்மையிலேயே அடி உதை என்றால் பெரும்பாலும் ஒரு ‘அப்’ சேரும், ‘தே பீட் ஹிம் அப்’. ஒரு கபடிக்காரன் தவறுதலாக அந்த ‘அப்’பைச் சேர்த்து ‘வி பீட் அப் மேலூர்’ என்று சொன்னால் அடுத்த கேள்வியைக் கேட்கப் போலீஸ்தான் வரும். போலீஸ் என்றதும் ஞாபகம் வருகிறது, ராத்திரி ரோந்து வருகிறாரே பீட் போலீஸ், அந்த ‘பீட்’டும் இதே சொல்தான். அவர் வழக்கமாகச் சுற்றி வரும் வட்டத்துக்குப் பீட் என்று பெயர். பீட்ரூட்டில் உள்ள பீட் மட்டும் வேறு. உச்சரிப்பு ஒன்று, எழுத்து வேறு, உறவு எதுவும் கிடையாது.

உச்சரிப்பில் ஒரு எச்சரிக்கை. ‘பீ’ நெடில். குறிலாக்கி ‘பிட்’ என்றால் அது கடித்தான் என்றாகிவிடும். ‘ஹி பீட் மீ’ அவன் என்னை ஜெயித்தான். ‘ஹி பிட் மீ’ அவன் என்னைக் கடித்தான். கபடியில் இரண்டுமே நடக்கும் என்றான் என் மாணவன்.

அப்புறம் காலம். பீட்டுக்கு இறந்த காலமும் பீட் தான். ‘பீட்டட்’ என்று ஒரு சொல் கிடையாது. கட், புட், ஹிட் போல நிகழ்காலத்துக்கும் இறந்த காலத்துக்கும் ஒரே உருவம். நேற்றா இன்றா என்பதை ‘எஸ்டர்டே’ மாதிரி ஒரு சொல்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். ஆனால் மூன்றாவது உருவத்தில் அது அவர்களை விட்டுப் பிரிந்து ‘பீட்டன்’ ஆகிவிடுகிறது. ‘வி ஹாவ் பீட்டன் தெம் த்ரீ டைம்ஸ்’, அவர்களை மூன்று தடவை தோற்கடித்திருக்கிறோம். ‘வி வேர் பீட்டன்’ என்றால் நாங்கள் தோற்கடிக்கப்பட்டோம்.

தெருக் கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்கு இந்தப் பீட்டன் நன்றாகவே பழக்கம். பந்து மட்டையில் படாமல் தாண்டிப் போய் கீப்பர் கைக்குப் போனால் “பீட்டன்டா!” என்று கத்துகிறார்களே, அதேதான். பந்துவீச்சாளர் அந்த ஒரு பந்தில் மட்டையாளரைத் தோற்கடித்துவிட்டார். கடைசிவரை அவுட் ஆகாமல் நின்றால் ‘அன்பீட்டன்’. வகுப்பில் பீட்டன் வராமல் திணறுகிற பையன்கள் மைதானத்தில் பிசகாமல் சொல்கிறார்கள். “அவனை பீட் பண்ணிட்டேன்”, “மேட்ச் வின் பண்ணிட்டோம்” என்று தமிழோடு கலந்து பேசும்போதும் இரண்டையும் சரியான இடத்தில்தான் வைக்கிறார்கள். முழு ஆங்கிலத்துக்குப் போனால்தான் குழப்பம் வருகிறது. இது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதற்கும் ஆங்கிலத்தில் ‘பீட்ஸ் மீ’ என்றே சொல்வார்கள். இந்தக் கேள்வி என்னையே தோற்கடித்துவிட்டது, எனக்குத் தெரியாதப்பா என்று அர்த்தம்.

எத்தனை வித்தியாசத்தில் தோற்கடித்தோம் என்பதற்கு ‘பை’. 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா 183 ரன் எடுத்தது, வெஸ்ட் இண்டீஸை 140 ரன்னில் சுருட்டியது. ‘இந்தியா பீட் வெஸ்ட் இண்டீஸ் பை 43 ரன்ஸ்’. 2011இல் மும்பையில் ‘இந்தியா பீட் ஸ்ரீலங்கா பை 6 விக்கெட்ஸ்’. இரண்டு ஆண்டுக்கும் பொதுவாக ‘இந்தியா வன் த வேர்ல்டு கப்’. கோப்பை கைக்கு வந்தது, எதிரணி தோற்றது. எந்தச் சொல் எங்கே வருகிறது என்பதற்கு இதைவிடப் பளிச்சென்ற உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

தோற்றவர் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது. ‘வி லாஸ்ட் மேலூர்’ என்று சொன்னால் மேலூரைத் தொலைத்துவிட்டோம் என்று பொருள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்தில் தம்பியைத் தவறவிட்டால் ‘வி லாஸ்ட் ஹிம்’ என்று அலறலாம். கபடியில் தோற்றால் ‘டு’ வேண்டும்: ‘வி லாஸ்ட் டு மேலூர்’. இது சுலபம்தான், தமிழே காட்டிக்கொடுக்கிறது. மேலூர்‘இடம்’ தோற்றோம் என்கிறோம் இல்லையா, அந்த ‘இடம்’ தான் ‘டு’.

பீட்டுக்கு எப்போதும் ஒரு எதிராளி வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மைதானத்திலிருந்து ஓடிவந்து ‘வி வன்!’ என்று கத்தலாம், முழு வாக்கியம். ‘வி பீட்!’ என்று கத்தினால் “யாரை?” என்று கேட்டுக்கொண்டு எதிரே நிற்பார்கள். பாலமேட்டில் காளை யார் கையிலும் சிக்காமல் போய்விட்டால் ‘த புல் வன்’ என்று சொன்னாலே போதும். பீட் போட ஆசைப்பட்டால் ‘த புல் பீட் எவ்ரிபடி’ என்று வீரர்களையும் உள்ளே இழுத்தாக வேண்டும்.

‘டிஃபீட்’ எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அதுவும் தோற்கடிதான், பொருளில் பெரிய மாற்றம் இல்லை, உடுப்பில்தான் மாற்றம். செய்தித்தாளிலும் வரலாற்றுப் புத்தகத்திலும் டிஃபீட் கம்பீரமாக இருக்கும். தம்பியைக் கேரமில் ஜெயித்ததற்கு ‘ஐ டிஃபீட்டட் மை பிரதர்’ என்றால் “யான் என் தம்பியை வாகை சூடி வீழ்த்தினேன்” என்பது போல இருக்கும். இலக்கணப் பிழை இல்லை, ஆனால் கேட்கிறவர் சிரிப்பார். இதற்கு ‘டிஃபீட்டட்’ என்ற ஒழுங்கான இறந்த காலம் உண்டு என்பது ஒரு வசதி. ஒரு வில்லங்கமும் உண்டு. வினையாக வரும்போது தோற்கடிப்பது, பெயராக வரும்போது தோல்வி. ‘இந்தியா டிஃபீட்டட் ஸ்ரீலங்கா’ என்று வாக்கியம் வந்தால் மகிழலாம், ‘இந்தியாஸ் டிஃபீட்’ என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் கெட்ட செய்தி. அவசரத்தில் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பட்டாசு வாங்கப் போகக் கூடாது.

தலைப்பு என்றதும், ‘த்ராஷ்’ என்ற சொல்லை விளையாட்டுப் பக்கங்களில் பார்த்திருப்பீர்கள். சும்மா ஜெயிப்பது இல்லை, வெளுத்து வாங்குவது. மதுரைப் பேச்சில் “பிரிச்சு மேஞ்சுட்டாய்ங்க” என்போமே, அந்த ரகம். இந்தச் சொல் வந்த இடம் வயல்வெளி. கதிரடிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘த்ரெஷ்’, அதன் இன்னொரு உருவம்தான் ‘த்ராஷ்’. அறுவடைக்கு வரும் த்ரெஷர் மெஷினை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். நெற்கதிரைக் களத்தில் போட்டு அடிப்பது போல எதிரணியைப் போட்டு அடித்தார்கள் என்பதுதான் உள்ளே இருக்கும் படம். யானை கட்டிப் போரடித்த ஊர் என்று பேர் வாங்கிய மதுரைக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டியதில்லை. அந்தப் ‘போர்’ வைக்கோல் போர், சண்டைப் போர் இல்லை. வகுப்பு போரடிக்கிறது என்கிற போரும் இல்லை, அது ஆங்கிலத்திலிருந்து வந்த மூன்றாவது போர்.

நூலிழையில் ஜெயித்தால் ‘எட்ஜ்’, தவிடுபொடி ஆக்கினால் ‘க்ரஷ்’. இவை எல்லாம் அலங்காரம், தொடக்கத்தில் தேவையில்லை. பீட் ஒன்று கைவந்தால் போதும்.

இதை எல்லாம் சொல்லி முடித்த அன்று, பயிற்சிக்காக ஊர் விஷயங்களை வைத்தே வாக்கியம் சொல்லச் சொன்னேன். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாள் ஜல்லிக்கட்டும் வரிசையாக வந்தது. ‘ஹி வன் எ கோல்டு காயின்.’ சரி. ‘த புல் பீட் டென் மென்.’ சரி. ‘வி லாஸ்ட் டு தெம் பை டூ பாயிண்ட்ஸ்.’ ரொம்பச் சரி, அது போன மாதத்துக் கபடி. பின்வரிசையில் இருந்த ஒரு பெண், அதுவரை வாயே திறக்காதவள், கையைத் தூக்கினாள்.

“மிஸ், முதல்ல கோயில் காளையை அவிழ்த்து விடுவாங்கல்ல. அதை யாரும் பிடிக்க மாட்டாங்க. அது பாட்டுக்கு நடந்து போயிரும். அதுக்கு வின்னா, பீட்டா?”

வகுப்பே திரும்பிப் பார்த்தது. நானும் கொஞ்ச நேரம் யோசித்தேன்.

“ரெண்டும் இல்லம்மா. வின்னுன்னு சொல்லணும்னா போட்டி நடந்திருக்கணும், பீட்னு சொல்லணும்னா யாராவது எதிர்த்து நின்னிருக்கணும். அதுக்கு ‘வாக்ட் அவுட்’டுன்னு போட்டுக்க.”